பசை விளிம்புக்கு அடியில் நாலு வரி

நாளைக்குக் காலையில் உங்கள் மேஜைக்கு ஒரு லேபிள் வரும். பட்டாசுப் பெட்டி லேபிளாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். வெடிக்கும் என்று போட்டிருப்பார்கள், வெடிக்கும். அவ்வளவு நேர்மையான சரக்கு உலகத்தில் குறைவு. மனசுக்கு நிம்மதி தருகிற காப்ஸ்யூலின் லேபிள் வந்தால் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருங்கள். நான் நிமிர்ந்து உட்காரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி முப்பத்தாறு வருடம் என்னுடையது. அச்சுக்குப் போகும் முன் எழுத்தை வாசித்துப் பார்த்து, சரி என்று ஓ.கே. ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் நம் கம்பெனியில் எந்த மிஷின்காரரும் பொத்தானை அமுக்கமாட்டார். ஷீட்டைக் கண்முன்னே கிளிப் போட்டு மாட்டி, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவார். படிப்பு எனக்கு எட்டாவதோடு சரி. ஆங்கிலம் லேபிளில் கற்றது. என் ஆங்கிலத்தில் பாதி ‘குலுக்கிய பின் பயன்படுத்தவும்’, மீதி ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’. ஆனாலும் கம்பெனியில் எல்லாரும் என்னைப் படித்த மனுஷன் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையால் ஒருத்தி கல்லீரலைப் பறிகொடுக்கப் பார்த்தாள். ரிட்டயர் ஆனபோது எனக்கு நடந்த பாராட்டு விழாவில் இதை யாரும் பேசவில்லை. சால்வை போட்டார்கள், சாத்தூர் காராசேவு கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வருடம் முந்தி, தீபாவளி சீசன். பட்டாசு லேபிள் ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம், மிஷின்கள் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம். வெளியூர்க் கம்பெனி ஒன்று புது வாடிக்கையாக வந்தது. பதற்றத்தைப் போக்கும், மூளையைக் கூர்மையாக்கும் என்று ஒரு காப்ஸ்யூல். உள்ளே இருந்தது அமுக்கராக் கிழங்கின், அதுதான் அஸ்வகந்தாவின், சாறைச் சுண்டக் காய்ச்சிய பொடி, கூடத் தேயிலையிலிருந்து எடுத்த ஏதோ ஒன்று. லேபிளில் போட்டிருந்த வாக்குறுதிகளை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். கவலை தீரும். ஞாபகம் பெருகும். நல்ல தூக்கம் வரும். நாள் முழுக்க உற்சாகம் இருக்கும். தூங்கவும் வைக்குமாம், முழிக்கவும் வைக்குமாம். எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று காப்ஸ்யூலே முடிவு எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

லேபிளின் நட்டநடுவில் ஒரு பெரிய நட்சத்திரம். அதற்குள்ளே தமிழில், ‘நூறு சதம் இயற்கை, பக்க விளைவு இல்லை’. இயற்கை என்ற சொல்லைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எருக்கம்பாலும் இயற்கைதான். வெம்பக்கோட்டை கம்மாய்க்கரையில் நெளிகிற கண்ணாடிவிரியனும் நூறு சதம் இயற்கைதான், கலப்படமே கிடையாது.

மிஷினில் அச்சுப் பிளேட் போடத் தயாராக இருந்தபோது, சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கம்பெனியின் ஆள் போன் போட்டார். எங்கள் வக்கீல் நாலு வரி சேர்க்கச் சொல்கிறார், இப்போதே அனுப்புகிறேன், லோடு நாளைக்குக் கிளம்ப வேண்டும் என்றார். நாலு வரியும் ஆங்கிலத்தில் வந்தன. கவனியுங்கள், நட்சத்திரம் தமிழில், நாலு வரி ஆங்கிலத்தில். பெருமை சொந்த மொழியில் வரும், எச்சரிக்கை விருந்தாளி மாதிரி வரும்.

எங்கே வைப்பது? லேபிளில் ஊசி குத்த இடமில்லை. நட்சத்திரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா என்று கேட்டேன். அந்த ஆள் தன் பிள்ளையின் காதை அறுக்கச் சொன்ன மாதிரி பதறிப்போனார். எழுத்தைக் குறுக்கலாம் என்றால் ஏற்கெனவே எறும்பு சைஸில் இருந்தது. முதலாளி என் தலைக்கு மேலே வந்து நின்றுவிட்டார். மிஷின் காலியாக நிற்கிறது, பின்னால் மூன்று ஆர்டர் காத்திருக்கிறது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. காப்ஸ்யூல் எதுவும் போடாமலே.

பாட்டிலைச் சுற்றி ஒட்டுகிற லேபிளில் ஒரு ஓரத்தை வெறுமையாக விடுவோம். விரல் அகலம் கூட இருக்காது. சுற்றி வரும்போது லேபிளின் மறு முனை அந்த ஓரத்தின் மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும். பசை விளிம்பு என்போம். அங்கே எதையும் அச்சடிப்பதில்லை. அடித்தாலும் ஒட்டின பிறகு யாருக்கும் தெரியாது. நான் சொன்னேன், பசை விளிம்பு சும்மாதானே கிடக்கிறது, நாலு வரியையும் அங்கே நெட்டுக்குத்தாக நிறுத்திவிடலாம் என்று.

போனில் அந்த ஆள் சந்தோஷமாகச் சிரித்தார். லேபிளில் இருக்கிறது, அல்லவா? இருக்கிறது. வக்கீல் கேட்டால் தாளைக் காட்டலாம், அல்லவா? காட்டலாம். ஒட்டின பிறகு யாராவது தேடினால்? அது தேடுகிறவர் பாடு. முதலாளி என் முதுகில் தட்டி, அண்ணாச்சிக்கு ஒரு டீ சொல்லுங்க என்றார். அந்த டீயை ரசித்துக் குடித்தேன்.

நாலு வரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். நம் வேலையின் லட்சணம் உங்களுக்கே தெரியும். எழுத்து எழுத்தாகப் பார்ப்போம், என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு எழுத்து மாறியிருந்தால் கண் குத்தும். ஒரு உயிர் போனால் குத்தாது. பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

இனி தங்கமாரி. அச்சு சாய்ந்த, நிறம் மங்கின லேபிள்களைப் பொறுக்கித் தள்ளுகிற செக்‌ஷனில் பெரிய கை அவள்தான். நாற்பது வயது. புருஷன் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை. மற்ற ஊர்ப் பெண்களுக்குப் புருஷன் வீடு திரும்புகிற நேரத்தில் கவலை வரும். இவளுக்கு வேலை தொடங்குகிற நேரத்தில் வரும். தூரத்தில் எங்காவது தொம்மென்று ஒரு சத்தம் கேட்டால் செக்‌ஷனில் அத்தனை கையும் நின்றுவிடும். எந்தத் திசை என்று காது கொடுப்பார்கள். பாறைக்கு வைத்த வெடியாக இருக்கும், லாரி டயராக இருக்கும். மற்றவர்கள் கை திரும்ப ஓடும். தங்கமாரியின் கை மட்டும் அன்றைக்கு முழுக்க நடுங்கும். ராத்திரி தூக்கம் கிடையாது. ‘காதைக் கழட்டி வச்சுட்டுப் படுக்க முடிஞ்சா தூங்குவேன் அண்ணாச்சி’ என்பாள். அவள் சொன்னதை நான் பல பேரிடம் சொல்லி ரசித்திருக்கிறேன். சொல்லழகை ரசித்தேன், விஷயத்தை விட்டுவிட்டேன். இந்தப் புத்தி எனக்குப் பல இடத்தில் வேலை செய்திருக்கிறது.

லேபிள் சரியாகச் சுற்றுகிறதா என்று ஒட்டிப் பார்க்க வாடிக்கைக்காரர்கள் காலிப் பாட்டில் அனுப்புவார்கள். இந்தக் கம்பெனி தாராளம். சரக்கோடு இரண்டு அட்டைப்பெட்டி அனுப்பியது. ஒட்டிப் பார்த்து முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியது. ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். வெளியூரில் இப்படி ஒரு பாட்டில் கிடைத்தால் சந்தேகப்படுவார்கள். நாம் அச்சாபீஸ்காரர்கள். எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்தால் அடித்துத் தருகிறவர்கள். உலகத்திலேயே லேபிளை நம்பக் கூடாதவர்கள் யாராவது உண்டென்றால் நாம்தான். ஆனால், ‘நம்ம அடிச்ச லேபிளுப்பா’ என்று ஒரு பாசம் வந்துவிடுகிறது.

தங்கமாரி நேரே என்னிடம் வந்தாள். கையில் பாட்டில்.

“அண்ணாச்சி, நீங்கதான வாசிச்சுப் பாத்தீக? இதை நான் சாப்பிடலாமா?”

நான் பாட்டிலை வாங்கி, ஏதோ பெரிய டாக்டர் மாதிரி கண்ணாடியை ஏற்றிவிட்டு, நட்சத்திரத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “இயற்கை தாயி. பக்க விளைவே இல்லை. ஏங் கையெழுத்துப் போட்டு அனுப்புன லேபிளு. பயப்படாமச் சாப்பிடு” என்றேன். என் பங்குப் பாட்டிலையும் அவளிடமே கொடுத்தேன். தர்மம் செய்த திருப்தி.

பலன் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். பத்து நாளில் அவள் முகம் தெளிந்தது. ராத்திரி தூங்குகிறேன் என்றாள். சத்தம் கேட்டாலும் கை நடுங்கவில்லை. செக்‌ஷனில் எல்லாரும் அவளைக் கேலி செய்தார்கள், புருஷனைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போய்விட்டு வந்தாயா என்று. அவள் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்ததே குறைவு. ஒன்று போடச் சொன்ன இடத்தில் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று இரண்டு போட்டாள். சத்துதானே, கூடக் கொஞ்சம் போனால் என்ன.

மற்றவர்களுக்கும் பலன் இருந்தது. தாள் வெட்டுகிற மிஷின்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஷின் மேலேயே கண்ணசந்தார். ஒரு ஆள் அகலத்துக்குக் கத்தி இறங்குகிற மிஷின். அந்தக் கத்தியின் கீழே கையை வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிற அளவுக்கு மன அமைதி. முதலாளிக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறவர். இதையும் சேர்த்துப் போட்டார். பதினோரு மணிக்கு வேர்த்து ஊற்றி, கை கால் ஆட ஆரம்பித்தது. வாடிக்கைக்காரரிடம் பேசினால் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். எங்களில் ஒருவர்கூட இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்போம்? பக்க விளைவு இல்லை என்று நாங்களே அச்சடித்திருக்கிறோமே.

ஒன்றரை மாதம் போயிருக்கும். தங்கமாரிக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. உடம்பு முழுக்க அரிப்பு. பிறகு கண் மஞ்சளடித்தது. காமாலை என்றால் நம் பக்கம் வழி தெரியுமே. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், பத்தியம் இருந்தாள். இதற்கு நடுவில், உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டதே என்ற கவலையில், கவலைக்கான காப்ஸ்யூலை மூன்றாக்கிக்கொண்டாள். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் அந்த மூன்றாவது காப்ஸ்யூல் யார் கொடுத்த பாட்டிலில் இருந்து வந்தது என்று நினைவு வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பார்க்கப் போனேன். சாமந்திப்பூ நிறத்தில் படுத்துக் கிடந்தாள். புருஷன் சுவரில் சாய்ந்து நின்றார். வாழ்நாள் முழுக்க அவள் அவருக்காகப் பயந்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் நின்று பயப்பட அவருக்குப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தண்ணியால் வருகிற காமாலைக்கான சோதனையெல்லாம் பார்த்தாயிற்று, அது இல்லை, காரணம் பிடிபடவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்றும் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அது மாத்திரை என்று அவளுக்கு யார் சொன்னது? சத்து என்றுதானே சொல்லியிருந்தோம்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ் அம்மா. கழுத்தில் சின்னச் சிலுவை, அதட்டலான குரல். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வாய்த்த குருக்களில் அவர் ஒருவர் என்பது அவருக்கே தெரியாது. அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மாத்திரையக் கேக்கல. காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் வாய்க்குள்ள போறது அம்புட்டையும் சொல்லு. வெத்தலை, பாக்கு, கசாயம், பொடி, பக்கத்து வீட்டுக்காரி குடுத்தது, எதையும் விடாத.”

தங்கமாரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழாவதோ எட்டாவதோ காப்ஸ்யூல் வந்தது. “அது ஒண்ணுமில்ல சிஸ்டர், நம்ம கம்பெனி லேபிளு போட்டது” என்றாள். தலையணைக்கு அடியில் இருந்து பாட்டிலை எடுத்தாள். அன்றைக்குக் காலையிலும் ஒன்று போட்டிருந்தாள்.

தம்பிகளே, தங்கைகளே, வேலையில் தப்பு எல்லாருக்கும் வரும். தப்பு தெரிந்த பிறகு கிடைக்கிற அரை நிமிடம் இருக்கிறதே, அதில்தான் ஆளின் தராதரம் தெரியும். என்னுடைய அரை நிமிடம் அந்த வார்டில் வந்தது. நர்ஸ் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எச்சரிக்கை ஒண்ணும் போடலியே, வெறும் சத்து மாத்திரைதான் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைக்கப் போனார். நான் வாயைத் திறக்காவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. பாட்டில் ஸ்டூலுக்குப் போகும். ராத்திரி இன்னொன்று அவள் வாய்க்குப் போகும். என் பெயர் பத்திரமாக இருக்கும்.

அந்த அரை நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ரிட்டயர் ஆக எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணினேன். வீரமாக ஏதோ செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

“சிஸ்டர், அதை இங்கன குடுங்க” என்றேன். லேபிளின் ஓரத்தை நகத்தால் தடவிக் கண்டுபிடித்தேன். புருஷன் கையில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி அதில் விட்டேன். பசை ஊறட்டும் என்று பொறுத்து, மெதுவாக உரித்தேன். மேல் முனை விலகியது. அடியில் நாலு வரி, நான் நிறுத்திய மாதிரியே நெட்டுக்குத்தாக, பிழையில்லாமல் நின்றன.

நர்ஸ் பாட்டிலைச் சாய்த்து வாசித்தார். முகம் மாறியது. “இதை எவன் இங்கன கொண்டுபோயி வச்சது?” என்று கேட்டார்.

“அச்சாபீஸ்ல” என்றேன். அச்சாபீஸ் என்றால் கட்டடம். கட்டடத்தை யார் என்ன செய்ய முடியும்.

டாக்டர் வந்தார். காப்ஸ்யூலை நிறுத்தினார். என்னை வெளியே கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். அமுக்கராவை வில்லன் ஆக்கிவிடாதீர்கள், பல பேர் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை என்றார். ஆனால் சித்த வைத்தியர் ஆளைப் பார்த்து அளந்து கொடுக்கிற சூரணம் வேறு, சுண்டக் காய்ச்சிக் குப்பியில் அடைத்து ஆள் தெரியாமல் விற்பது வேறு. சில பேர் கல்லீரல் அதைத் தாங்காது, அந்தச் சில பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் சேர்க்கக் கூடாது, வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் தொடவே கூடாது என்றார். தங்கமாரிக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடுவார்கள், சிலர் தேறுவதில்லை, இவர் எந்தப் பக்கம் என்று பத்து நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். டாக்டர்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்கள். அவர்களிடம் நட்சத்திரம் கிடையாது.

கம்பெனிக்குத் திரும்பினேன். வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது. அதே லேபிள். இரண்டாவது ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் முன்னால் கிளிப்பில் தொங்குகிற ஓ.கே. ஷீட்டில் என் கையெழுத்து. முதல் ஆர்டருக்குப் போட்டது, இரண்டாவதற்கும் செல்லும்.

யாரிடம் கேட்பது, எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தால் சாயங்காலம் வரை யோசித்திருப்பேன். கிளிப்பில் இருந்து ஷீட்டை எடுத்து, கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். மிஷின்காரர் என்னைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், மிஷினை நிறுத்தினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

மிஷின் நின்றால் முதலாளிக்கு மாடியில் தூக்கம் கலையும். இறங்கி வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதை தெரிந்தவர்.

“என்ன அண்ணாச்சி, சீசன்ல வெளையாடுறீகளா?”

தங்கமாரி கிடக்கிற நிலையைச் சொன்னேன். வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு மிஷின் பக்கம் கையைக் காட்டினார்.

“மருந்து செஞ்சவன் அவன். நாம தாளு அடிக்கிறவக. அதுக்கும் இதுக்கும் என்ன?”

“எழுதுனது அவக. மறைச்சது நாம, மொதலாளி.”

அவர் மிஷின்காரர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் ஓட்டு என்கிற உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது. நான் வேறு வழியில்லாமல் கையில் இருந்த ஓ.கே. ஷீட்டைப் பார்த்து நாலு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் சர்க்கரை மாத்திரை வந்தது. முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பதினோரு மணி வேர்வையை நினைத்துப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “பிளேட்ட எறக்கு” என்றார் மிஷின்காரரிடம்.

இதில் உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. முதலாளியிடம் மனிதாபிமானத்தைத் தனியாக அனுப்பாதீர்கள், அது வாசலிலேயே நிற்கும். கூட அவருடைய சர்க்கரையையும் அனுப்பிவையுங்கள்.

வாடிக்கைக் கம்பெனிக்குப் போன் போட்டோம். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாலு வரியைத் தமிழிலும் போட்டால்தான் அடிப்போம், கடைக்குப் போனதைத் திரும்ப வாங்குங்கள் என்றோம். லேபிளில் இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார் அந்த ஆள். நான் கொடுத்த ஆயுதம், எனக்கே திரும்பி வந்தது. ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இத்தகைய சரக்கை உணவுக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற சூலக்கரைக்கு பஸ் ஏறிப் போய், உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒட்டாத லேபிள் ஒன்றும் ஒட்டின பாட்டில் ஒன்றும் வைத்து எழுதிக் கொடுத்தேன். லேபிளை அமைத்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வாங்கிக்கொண்ட அதிகாரி அந்த வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பாட்டில்களைக் கடைகளில் எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எல்லாவற்றையும் எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பத்து நாள் என்றார் டாக்டர். அந்தப் பத்து நாளும் நான் வேலைக்கு வந்தேன், வாசித்தேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்தும் மனதில் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் அவள் புருஷன் போன் செய்து, இன்னைக்கு இட்லி கேட்டா அண்ணாச்சி என்றார்.  

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். இளைத்திருந்தாள், கண் வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டபோது அவள் கை பழைய மாதிரி நடுங்கியதையும் பார்த்தேன். மனநலம் பார்க்கிற டாக்டரிடம் போகிறேன், மாசம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார், எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் மாத்திரை வாங்குகிறேன் என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளை என் மேஜைக்குக் கூப்பிட்டேன். அவளுக்கு நான் உயிரைக் காப்பாற்றின மனுஷன். வீடு முழுக்க அப்படித்தான் பேச்சு. பாட்டிலை உரித்துக் காட்டினவர், மிஷினை நிறுத்தினவர். அந்தப் பட்டத்தோடு நான் ரிட்டயர் ஆகியிருக்கலாம், சால்வைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்து, இதைச் சாப்பிடலாமா என்று கேட்டவள்.

நாலு வரியைப் பசை விளிம்பில் வைக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அன்றைக்கு நாலு மணி போனில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி வாங்கிக் கொடுத்த டீயையும் விடவில்லை.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள். டப்பாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“அந்தத் தாளு இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. எடுத்து வைத்தேன்.

“எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க.”

விரலை வைத்து, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். தூக்கம் வரலாம், வண்டியோ மிஷினோ ஓட்ட வேண்டாம். தூக்கம், சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டாம். சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம், பசி போனாலோ அரித்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும்.

நிறுத்தினேன். இன்னும் வருமென்று அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சது தாயி.”

“இம்புட்டுத்தானா அண்ணாச்சி?” என்றாள். “இதுக்கா எடமில்லாமப் போச்சு?”